என்னிடம் இருந்த இரண்டாவது சாவி

என் வீட்டில் இரண்டு போன்கள். ஒன்று என்னுடையது, பெரிய திரை வைத்தது. அதில் என்னை என் மகளைத் தவிர யாரும் கூப்பிடுவதில்லை. இன்னொன்று பொத்தான் வைத்த பழைய சின்ன போன். அதற்குள் இருப்பது அவளுடைய சிம். அவள் வேலைக்காகக் கனடா போய் ஐந்து வருடம் ஆகிறது. புறப்பட்ட அன்று விமான நிலைய வாசலில், அவள் அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தபோது, அந்த சிம்மைக் கழற்றி ஒரு காகிதத்தில் மடித்து என் சட்டைப் பையில் வைத்தாள்.

"மெயில், பேங்க், பி.எஃப். எல்லாத்துக்கும் இந்த நம்பர்தான்பா குடுத்திருக்கேன். அங்க போனா மெசேஜ் ஒழுங்கா வராதாம். நான் கூப்பிடறப்ப வந்திருக்கற ஓடிபியப் பாத்துச் சொன்னாப் போதும்."

அவ்வளவுதான் வேலை. அவள் அங்கே கடவுச்சொல்லைப் போடுவாள். ஆவடி பக்கம் சேக்காட்டில் என் வீட்டில் அந்தச் சின்ன போன் 'டிங்' என்னும். ஆறு இலக்கத்தை நான் படிப்பேன். சிம் வாங்கிய கையோடு எனக்கு ஒரு கர்வம் வந்தது. உண்மையைச் சொன்னால், அந்த வீட்டில் அதற்கு முன்பு என்னை நம்பி யாரும் எதையும் கொடுத்ததில்லை. மளிகைச் சீட்டைக்கூட என் மனைவி இரண்டு முறை படித்துக் காட்டித்தான் கொடுப்பாள்.

மனைவி இருந்தவரை இந்த ஓடிபி எங்கள் வீட்டில் ஒரு பெரிய விஷயமாக இருக்கவில்லை. மகள் ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் வருவாள். அம்மாவும் மகளும் ஒரு மணி நேரம் பேசுவார்கள். குழம்பு, பக்கத்து வீட்டுக் கல்யாணம், முடி கொட்டுவது, அந்த ஊர்ப் பனி. கடைசியில் போன் என் பக்கம் திரும்பும். "சாப்டியா?" என்பேன். "சாப்டேன்பா. நீங்க?" என்பாள். "ஆச்சு." போன் மறுபடி அந்தப் பக்கம் போய்விடும். எனக்கு அது ஒன்றும் குறையாகத் தெரியவில்லை. வீட்டில் பேச்சு நடந்துகொண்டிருந்தது, அது போதும் என்று இருந்துவிட்டேன்.

மூன்று வருடத்துக்கு முன்னால் மனைவி போய்விட்டாள். மகள் வந்து பதினாறு நாள் இருந்துவிட்டுத் திரும்பினாள். அதற்கப்புறம் ஞாயிறு வீடியோ இரண்டு வாரத்துக்கு ஒன்று ஆயிற்று, பிறகு மாதத்துக்கு ஒன்று, பிறகு தீபாவளி, பொங்கல். அவளைக் குறை சொல்ல மாட்டேன். இரண்டு நிமிடத்துக்கு மேல் எங்களுக்குப் பேச எதுவும் இருக்காது. திரையில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது அதைவிடக் கொடுமை. நிற்காமல் வந்தது இந்த ஓடிபி மட்டும்தான். வாரத்தில் இரண்டு முறை, சில சமயம் மூன்று முறை, காலை ஏழு மணி வாக்கில் கூப்பிடுவாள். அங்கே அப்போது முந்தின நாள் இரவு. அந்த எண்ணுக்காகத்தான் கூப்பிடுகிறாள் என்று எனக்குத் தெரியாதா என்ன? நன்றாகத் தெரியும். ஆனாலும் அது நின்றுவிடக் கூடாது என்பது ஒன்றுதான் எனக்கு இருந்த கவலை.

நான் முப்பத்து நான்கு வருடம் ஆவடியில் ஒரு பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலையில், ஆய்வுப் பிரிவில் வேலை பார்த்தவன். அங்கே ஒரு பழக்கம். அளவுக் கருவியை ஒருவன் பார்த்து எண்ணைச் சொல்வான். பதிவேடு வைத்திருப்பவன் உடனே எழுதிவிடக் கூடாது. அதே எண்ணைத் திருப்பிச் சொல்ல வேண்டும், முதலாமவன் 'சரி' என்ற பிறகுதான் பேனா தாளில் பட வேண்டும். இதே பழக்கத்தை மகளிடமும் கொண்டுவந்தேன்.

"நாலு."

"நாலு."

"சரி. ஏழு."

"ஏழு. அப்பா, மொத்தமா சொல்லுங்களேன், ரெண்டு நிமிஷத்துல காலாவதி ஆயிடும்."

"அவசரப்பட்டா தப்பாப் போயிடும். ஏழுன்னியா, சரி. பூஜ்யம்."

ஆறு இலக்கத்தை இப்படிச் சொன்னால் பத்து விநாடி கூடக் கிடைக்கும். பத்து விநாடிக்காகவா என்று கேட்டால், ஆமாம், பத்து விநாடிக்காகத்தான்.

அந்த போனைக் கண்ணும் கருத்துமாகப் பார்த்துக்கொண்டேன். குளிக்கப் போனால் வெளிக் கொக்கியில் ஒரு பையில் தொங்கும். பின் அறையில் சிக்னல் வராது என்று என் கட்டிலையே முன் அறைக்கு மாற்றினேன். என்னோடு வேலை பார்த்த ஒருவர் அயனம்பாக்கத்தில் ஏரிப் பக்கம் அடுக்குமாடி வீடு வாங்கி, புதுமனை புகுவிழாவுக்குக் கூப்பிட்டார். போனேன். அவர் வீட்டுக்குள் போனில் ஒரு கோடுகூடக் காட்டவில்லை. காலை எட்டு மணி வரை ஏரிக்கரையில் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றேன். நண்பர் வெளியே வந்து, "ஏன்யா, அய்யர் போறதுக்குள்ள உள்ள வாய்யா" என்று திட்டினார். அன்றைக்கு அவள் கூப்பிடவே இல்லை. கேசரி ஆறிப்போயிருந்தது.

சிம் செத்துவிடாமல் இருக்க அதற்கு ரீசார்ஜ் போட வேண்டும். என் போனிலேயே போட்டுக்கொள்ளலாம். ஆனால் நான் கடைக்கு நடந்துபோய்த்தான் போடுவேன். கடைக்காரன் இந்தப் பக்கத்திலேயே பிறந்து வளர்ந்தவன், என்னைவிடப் பத்து வயது சின்னவன்.

"இன்னா நைனா, பாப்பா நம்பரு இன்னும் உசுரோட கீதா?"

"உன் வாயைக் கழுவு. நம்பருக்கு என்ன, நல்லா இருக்கு."

"நல்லா இர்க்கட்டும் நைனா. கோச்சுக்காத. அந்தப் பொண்ணு எப்போ வருதாம்?"

"வரும்" என்பேன். சில்லறையை எண்ணாமல் பையில் போட்டுக்கொண்டு வந்துவிடுவேன்.

போன வருடம் ஒரு நாள் மகள் மெதுவாகப் பேச்செடுத்தாள். "அப்பா, இந்த எஸ்.எம்.எஸ். ஓடிபி அவ்வளவு பாதுகாப்பு இல்லையாம்பா. யாராவது டூப்ளிகேட் சிம் வாங்கிட்டா போச்சு. ஒரு ஆப் இருக்கு. என் போன்லயே நம்பர் வந்துடும். நீங்க காலங்காத்தால எழுந்து..."

எனக்குச் சுருக்கென்றது. கோபம் எனக்கு எப்போதும் மூக்கு நுனியில் இருக்கும். "இங்க பாரு. எங்க தொழிற்சாலையில ஒரு ஸ்டோர் ரூம் இருந்துச்சு. அதுக்கு ரெண்டு பூட்டு. ஒரு சாவி ஸ்டோர்கீப்பர்கிட்ட, இன்னொரு சாவி எங்க செக்ஷன்ல. ரெண்டு பேரும் சேர்ந்து போனாத்தான் கதவு திறக்கும். எதுக்குத் தெரியுமா? ஒருத்தன் பையில ரெண்டு சாவியும் இருக்கக் கூடாதுன்னுதான். நீ கடவுச்சொல்லையும் அந்த போன்லயே வச்சுக்கிட்டு, இந்த நம்பரையும் அதே போன்ல வர வச்சுக்கிட்டா, ரெண்டு சாவியும் ஒரே பையிலதானே? போனைத் தொலைச்சா?"

அவள் சிரித்தாள். "நீங்க சொல்றதும் சரிதான்பா" என்றாள். அத்தோடு விட்டுவிட்டாள்.

நான் சொன்னதில் தப்பில்லை, இன்றைக்கும் அதையேதான் சொல்வேன். ஆனால் அன்றைக்கு அதை நான் அவளுடைய பாதுகாப்புக்காகச் சொல்லவில்லை. கணினியிலேயே வேலை பார்க்கும் பெண்ணை என் ஸ்டோர் ரூம் கதையைச் சொல்லி மடக்கிவிட்டேன் என்று அன்று முழுவதும் எனக்குத் தலைகால் புரியவில்லை. மத்தியானம் இரண்டு அப்பளம் பொரித்துச் சாப்பிட்டேன்.

இந்த வருடம் மாசி மாதம். ஒன்பது நாளாக அவள் கூப்பிடவில்லை. ஒன்பது நாள் என்று எப்படித் தெரியும் என்றால், எண்ணிக்கொண்டிருந்தேன். பத்தாம் நாள் காலை பத்து மணிக்குச் சின்ன போன் 'டிங்' என்றது. ஆறு இலக்கம் வந்திருந்தது. இந்த நேரத்தில் அவள் தூங்கிக்கொண்டிருப்பாளே என்று யோசிக்கும்போதே அந்த போன் அடித்தது. ஒரு பெண் குரல்.

"ஹலோ, மேடம் இருக்காங்களா?"

"எந்த மேடம்? இது என் மக நம்பரு. அவ கனடாவுல இருக்கா. நான் அவ அப்பா பேசறேன்."

கேட்காமலே எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன்.

"ஆமா அங்கிள், தெரியும். நான் அவங்ககூடத்தான் வேலை பாக்கறேன். லீவுல சென்னை வந்திருக்கேன். சாப்டீங்களா அங்கிள்?"

"ம், ஆச்சும்மா."

"என்ன டிபன்?"

இந்த ஒரு கேள்வியில்தான் நான் விழுந்தேன். ரொட்டி தின்றதைச் சொன்னேன். "ஏன் அங்கிள், இட்லி தோசை செஞ்சுக்க மாட்டீங்களா?" என்றாள். மாவு வாங்கினால் ஒரு ஆளுக்குத் தீராது, புளித்துப்போகிறது என்றேன். "அதுவும் கரெக்ட்தான்" என்று வருத்தப்பட்டாள். முன்பின் தெரியாத ஒருத்தியிடம் தோசை மாவைப் பற்றி ஐந்து நிமிடம் பேசியிருக்கிறேன், என்ன சொல்வது! அதன் பிறகு சாவகாசமாகக் கேட்டாள். "அவங்களுக்கு ஒரு அவசர வேலைக்காக மெயில் திறக்கணும் அங்கிள். மீட்டிங்ல இருக்காங்க. உங்களுக்கு ஒரு நம்பர் வந்திருக்குமாமே?"

அவளுக்கு அங்கே நடுராத்திரி, அந்நேரத்தில் என்ன மீட்டிங் என்று பச்சைப் பிள்ளைகூடக் கேட்டிருக்கும். நான் என்ன செய்தேன் தெரியுமா? "நான் ஒண்ணொண்ணாச் சொல்லுவேன், நீ திருப்பிச் சொல்லணும்" என்றேன். "ஓ, தாராளமா" என்றாள். எட்டு என்றேன், எட்டு என்றாள். மூன்று என்றேன், மூன்று என்றாள். ஒரு இடத்தில்கூட அவசரப்படவில்லை. என் மகளைவிட அழகாகத் திருப்பிச் சொன்னாள். ஆறும் முடிந்ததும், "ரொம்ப தேங்க்ஸ் அங்கிள், உடம்பைப் பாத்துக்கோங்க" என்று வைத்தாள். சொன்ன எண் சரியா என்று ஆறு முறை சோதித்த நான், கேட்கிறவள் யார் என்று ஒரு முறை சோதிக்கவில்லை.

சாயங்காலம் மகள் கூப்பிட்டபோதுதான் விஷயம் தெரிந்தது. அவள் மெயிலுக்குள் யாரோ நுழைந்து கடவுச்சொல்லை மாற்றியிருந்தார்கள். அவளுடைய பழைய கடவுச்சொல் எங்கேயோ கசிந்திருக்கிறது. திருடர்களுக்கு இந்த ஆறு இலக்கம் மட்டும்தான் பாக்கி இருந்தது, அதை நான் வாயால் எடுத்துக் கொடுத்திருக்கிறேன். அந்த மெயிலில்தான் அவள் பாஸ்போர்ட், படிப்புச் சான்றிதழ், அம்மாவின் போட்டோ எல்லாம் இருந்தன. இரண்டு நாள் சமைக்கவே இல்லை. மூன்றாம் நாள் எப்படியோ மெயிலைத் திரும்ப வாங்கிவிட்டாள். எதுவும் தொலையவில்லை என்றாள்.

"யாரோ பொண்ணு பேசிச்சும்மா. உங்கூட வேலை பாக்கறேன்னுச்சு" என்று ஆரம்பித்தேன். தோசை மாவுக் கதையை நான் சொல்லவில்லை.

அவள் திட்டியிருந்தால் நான் திருப்பிக் கத்தியிருப்பேன், மனசு ஆறியிருக்கும். அவள் திட்டவில்லை. "உங்க தப்பு இல்லப்பா. ஒருத்தர் வாயால சொல்ற மாதிரி வச்சிருந்ததுதான் தப்பு. நான் எப்பவோ மாத்தியிருக்கணும்" என்றாள். அவ்வளவு மென்மையாகச் சொன்னாள். ஐந்து வருடம் நான் பொத்திப் பொத்திக் காத்தது, பூட்டில் இருந்த ஓட்டையாம். அது நானாம்!

அந்த ஞாயிற்றுக்கிழமை எல்லாவற்றையும் மாற்றினாள். ஒவ்வொரு இடத்திலும் பழைய எண்ணை எடுப்பதற்கு, அந்தப் பழைய எண்ணுக்கே ஒரு ஓடிபி வரும். எட்டு இடம். எட்டு முறை நான் படித்துச் சொன்னேன். நடுநடுவே பக்கம் திறக்கக் காத்திருந்தபோது அவள் வீட்டுக் குழாயில் தண்ணீர் வரும் சத்தம் கேட்டது. ஏதோ பாத்திரம் கழுவினாள். மெதுவாக ஒரு பாட்டை முனகினாள். ஒன்றே கால் மணி நேரம் அவள் என்னோடு இருந்தாள். அவளை என்னிடமிருந்து கழற்றிக்கொண்டிருக்கிறாள் என்று தெரிந்தும், வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அன்றைக்கு நான் சந்தோஷமாக இருந்தேன்.

கடைசியில், போன் தொலைந்தால் பயன்படுத்த பத்து அவசர எண்கள் அச்சடித்து வைத்திருப்பதாகச் சொன்னாள்.

"அதுல ஒரு காப்பி எனக்கு அனுப்பேன். பீரோவுல பத்திரமா வச்சுக்கறேன்" என்றேன்.

கொஞ்சம் தயங்கினாள். "வேணாம்பா. இங்கயே டிராயர்ல வச்சிருக்கேன்."

"சரி, சரி. அதுவும் சரிதான்."

"அவ்வளவுதாம்பா. எல்லாம் முடிஞ்சுது. இனிமே உங்களுக்குத் தொந்தரவு இல்ல."

தொந்தரவா என்று கேட்க வாய் வரை வந்தது. கேட்கவில்லை. "ம்" என்று வைத்துவிட்டேன்.

அதன் பிறகும் சின்ன போனைச் சார்ஜில் போட்டுக்கொண்டுதான் இருந்தேன். 'டிங்' என்று கேட்டால் அடுப்பை அப்படியே விட்டுவிட்டு ஓடுவேன். 'திருமழிசை அருகே வீட்டுமனை, இன்றே முன்பதிவு செய்யுங்கள்' என்றிருக்கும். சனியன், இதற்கா ஓடிவந்தோம் என்று இருக்கும். ஒரே வாரத்தில் அந்த மனைக்காரன் எனக்கு நான்கு முறை எழுதினான். மகள் ஒரு முறைகூடக் கூப்பிடவில்லை. ரீசார்ஜ் நாள் வந்தது. கடைக்குப் போனேன். நடந்ததை ஏன் அந்தக் கடைக்காரனிடம் சொன்னேன் என்று தெரியவில்லை; சொல்வதற்கு வேறு ஆள் இல்லை.

"அப்போ உட்டுடேன் நைனா. பாப்பாவே வோணான்னுச்சு. இன்னாத்துக்கு இந்த டப்பாவக் கட்டிகினு அலையற?"

"உன் வேலையப் பாரு. போடுன்னா போடு."

"தோ, போட்டேன். இன்னாத்துக்கு இப்டி கத்தற?" என்று முணுமுணுத்துக்கொண்டே போட்டான். அவனிடம் கத்தியிருக்க வேண்டாம். அவனாவது நான் எப்படி இருக்கிறேன் என்று மாதம் ஒரு முறை பார்க்கிறான்.

மூன்றாவது வாரம் ஒரு செவ்வாய்க்கிழமை. சாயங்காலம் ஏழு மணி இருக்கும். அவளுக்குக் காலை, ஆபீஸ் ஆரம்பிக்கும் நேரம். ஐந்து வருடத்தில் நானாக அவளைக் கூப்பிட்டதே இல்லை. வேலையில் இருப்பாள், தூங்குவாள், எதற்குத் தொல்லை என்று ஏதாவது ஒரு காரணம் இருக்கும். அன்றைக்கு என் பெரிய போனை எடுத்து, அவள் பெயரை அழுத்திவிட்டேன். இரண்டாவது மணியிலேயே எடுத்தாள்.

"அப்பா? என்னப்பா ஆச்சு? உடம்பு சரியில்லையா?"

அவள் பயந்த குரலைக் கேட்டதும் எனக்கும் பயமாகிவிட்டது. கூப்பிட்டதற்கு ஒரு காரணம் சொல்ல வேண்டுமே. வாயில் வந்ததைச் சொன்னேன்.

"ஒண்ணுமில்லம்மா. ஒரு ஓடிபி வந்திருக்கு. அதான், சொல்லலாம்னு."

"ஓடிபியா? அந்த நம்பருக்கா?" பின்னால் யாரோ இங்கிலீஷில் பேசிக்கொண்டிருந்தார்கள். "வராதேப்பா. எல்லாத்துலேர்ந்தும் அந்த நம்பரை எடுத்துட்டோமே. நீங்கதானே கூட இருந்தீங்க?"

சின்ன போனைக் கையில் எடுத்துப் பார்த்தேன்.

"எங்கேர்ந்து வந்திருக்குன்னு படிங்க பாப்போம்."

படிப்பதற்கு என்ன இருக்கிறது? சின்ன போனில் திருமழிசை மனைக்காரன்தான் இருந்தான். பொய் சொன்னது காது வரைக்கும் சுட்டது.

"எதுவும் வரலம்மா. சும்மா சொன்னேன். உங்கிட்ட பேசணும்னு இருந்துச்சு."

வைத்துவிடுவாள் என்றுதான் நினைத்தேன். பிறகு அவள் யாரிடமோ, நீங்கள் ஆரம்பியுங்கள், நான் பிறகு வருகிறேன் என்று இங்கிலீஷில் சொல்வது கேட்டது. செருப்புச் சத்தம். ஒரு கதவு மூடியது. அந்த இங்கிலீஷ் பேச்செல்லாம் நின்றுபோயிற்று. நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள் போல.

"சொல்லுங்கப்பா" என்றாள். "இப்ப நான் சும்மாதான் இருக்கேன். எவ்வளவு நேரம் வேணும்னாலும் பேசுங்க."

வாயைத் திறந்தேன். என்ன சொல்வது? அவள் அம்மா இருந்தால் எங்கே ஆரம்பித்திருப்பாள் என்று யோசித்துப் பார்த்தேன். சாப்பாட்டைக் கேட்கலாம் என்றால், அவளுக்கு இப்போது எந்த வேளைச் சாப்பாடு என்றே எனக்குக் குழம்பிவிட்டது. அவள் சிநேகிதிகள் யார், எந்தத் தெருவில் இருக்கிறாள், அந்த வீட்டில் எத்தனை ஜன்னல், எதுவுமே எனக்குத் தெரியாது. இத்தனை வருடம் எண்களைத் தவிர நாங்கள் எதையும் பேசிக்கொண்டதில்லை.

"அப்பா, இருக்கீங்களா?"

"இருக்கேம்மா" என்றேன்.

அதற்கு மேல் எனக்கு ஒரு வார்த்தையும் வரவில்லை. அவளும் போனை வைக்கவில்லை.